கொஞ்சம் வெதுவெதுப்பு

லிண்ட்சே ட்ரெவினை அறுபத்தொரு வருடத்தில் யாரும் "சார்" என்று கூப்பிட்டதில்லை. ஆகஸ்ட் மாதத்துப் புதன்கிழமை ஒன்றில், மில்லாகூர் தன்னார்வத் தீயணைப்புப் படையின் கொட்டகை வாசலில் யாரோ "சார்!" என்றபோது, தனக்குப் பின்னால் வேறு யாரோ நிற்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தார். பின்னால் தீயணைப்பு லாரிதான் நின்றது.

"சார், நான் க்ளேட்டன் ஹேவர்காம்ப். கடல் கடந்து வந்திருக்கேன், நெப்ராஸ்காக்காரன். உங்க ஊர் தானியக் கிடங்குக்குப் புது மேனேஜர். உங்களைச் சந்திச்சதுல எனக்கு ரொம்பப் பெருமை சார்."

சொல்லிக்கொண்டே அவர் கையைப் பிடித்து, அடிபம்பில் தண்ணீர் அடிப்பதுபோல் நாலு முறை குலுக்கினான். முப்பத்தெட்டு வயதிருக்கும். ஆள் நெடுநெடுவென்று, பற்களெல்லாம் வரிசையாக, சட்டை இஸ்திரி போட்டு. தன்னைச் சந்தித்ததில் ஒருவன் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று லிண்ட்சேக்கு விளங்கவில்லை. கோதுமை விதைக்கிறார், அறுக்கிறார், நடுவில் கொஞ்சம் ஆடு வளர்க்கிறார். இருபது வருடமாகப் படையின் கேப்டன், அதுவும் வேறு யாரும் கை தூக்காததால்.

"சரி. வந்துட்ட. உள்ள வா," என்றார்.

உள்ளே பதினோரு பேர் இருந்தார்கள். லாரி ஓட்டும் டெஸ் கஹிலுக்குச் செங்கல் நிறத் தலைமுடி. எதையும் நேர்மாறாகச் சொல்லும் அந்த ஊர் வழக்கப்படி, செந்தலையன் என்பதாலேயே அவனுக்கு ப்ளூ என்று பேர். அவன் காலை நீட்டி உட்கார்ந்தபடியே கேட்டான்.

"எப்படிப் போற, மேட்?"

"கார்லதான்," என்றான் க்ளேட்டன். "வெளியில நிறுத்தியிருக்கேன். வழியை மறிக்குதா?"

நலம் விசாரித்தால் வண்டியைச் சொல்கிறானே என்று கொட்டகையே சிரித்தது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் க்ளேட்டனும் கூடவே சிரித்தான். அதைப் பார்த்து லிண்ட்சேக்கு அவன்மேல் லேசாக ஒரு பிரியம் வந்தது. ஆனால் அது ஐந்து நிமிடம்கூட நிலைக்கவில்லை. "உன்னைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லேன்" என்று அவர் கேட்டதுதான் தப்பு. க்ளேட்டன் ஏழு நிமிடம் பேசினான். சொந்த ஊரில் பன்னிரண்டு வருடம் தீயணைப்பில் இருந்ததை, நாற்பது பேருக்குப் பயிற்சி கொடுத்ததை, மாவட்டத்தில் மெடல் வாங்கியதை, எல்லாவற்றையும் சொன்னான். கடைசியில், "உண்மையைச் சொல்லணும்னா, இந்த வேலையில நான் கெட்டிக்காரன். உங்களுக்கு நிச்சயம் உபயோகமா இருப்பேன்" என்று முடித்தான்.

பின்வரிசையில் யாரோ இருமினார்கள். மில்லாகூரில் தன் வாயால் தன்னைக் கெட்டிக்காரன் என்று சொல்பவன் ஒன்று ஓட்டுக் கேட்க வந்தவனாக இருப்பான், இல்லாவிட்டால் நொண்டிக் குதிரையை விற்க வந்தவனாக இருப்பான்.

"அப்ப நாங்கல்லாம் வீட்டுக்குப் போயிரலாமா, ஜெனரல்?" என்று கேட்டான் ப்ளூ.

அன்றிலிருந்து க்ளேட்டனுக்கு ஜெனரல் என்ற பேர் ஒட்டிக்கொண்டது.

அவன் கெட்டிக்காரன்தான் என்பது மறுவாரமே தெரிந்துபோனது. குழாய் சுற்றுவதில், பம்பைப் பிரித்து மாட்டுவதில் அவனுக்கு இணை அங்கே யாருமில்லை. அவனைப் பொறுத்துக்கொள்ள முடியாமல் செய்தது அவன் பேச்சுதான். எதைப் பார்த்தாலும் அற்புதம் என்பான். ரொட்டிக்குள் கரிந்த சாஸேஜை வைத்துக் கொடுத்தால் பிரமாதம் என்பான். மழை வந்தால் பிரமாதம், வராவிட்டால் வானம் பிரமாதம். ஒருநாள் லிண்ட்சே வீட்டுக்கு வந்தவன், அவர் மனைவி கோரல் சுட்ட ஸ்கோன் என்ற சின்ன ரொட்டியில் ஒரு கடி கடித்துவிட்டுக் கண்ணை மூடினான்.

"மிஸஸ் ட்ரெவின், சத்தியமா சொல்றேன். என் வாழ்க்கையில இப்படி ஒண்ணை நான் சாப்பிட்டதே இல்ல."

அவன் போனதும் லிண்ட்சே முணுமுணுத்தார். "ஒரு ஸ்கோனுக்கு இந்தப் பேச்சா? வாயில சர்க்கரை ஆலையே ஓடுது."

கோரல் தட்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள். "முப்பத்தேழு வருஷமா சுடுறேன். நீ சொன்னதுலேயே பெரிய வார்த்தை 'சாப்பிடலாம்'. அவன் பேசட்டும் விடு. எனக்கு நல்லாத்தான் இருக்கு."

பப்பில் வேறு மாதிரி ஆயிற்று. அங்கே ஒருவன் எல்லோருக்கும் பியர் வாங்குவான், அடுத்த முறை அடுத்தவன் வாங்குவான். முதல் வெள்ளிக்கிழமை க்ளேட்டன் தன் கிளாஸை மட்டும் வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். ப்ளூ அவன் கிளாஸையே வெறித்துப் பார்த்துவிட்டு, "உனக்கு உடம்புக்கு ஏதாவதா?" என்று விசாரித்தான். விஷயம் புரிந்ததும் க்ளேட்டன் பதறிப்போய் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டான். அதுதான் எல்லோருக்கும் பெரிய சங்கடமாகப் போயிற்று. மன்னிப்பை மேஜைக்கு முன் நின்றுகொண்டா கேட்பார்கள்? அடுத்த சுற்றை வாங்கிவிட்டால் போதாதா?

இப்படியே அறுவடை வந்தது. டிசம்பர் என்றால் அங்கே கோடை; கிறிஸ்துமஸுக்கு மூன்று வாரம் இருக்கும்போது வெயில் நாற்பத்திரண்டைத் தொட்டது. வடக்கிலிருந்து காற்று அடுப்பைத் திறந்துவிட்டதுபோல் வீசியது. மத்தியானம் இரண்டரைக்குக் கீழ்ப்பக்கத்துப் பண்ணையில் ஓர் அறுவடை இயந்திரத்தின் பேரிங் சூடேறிப் பொறி பறந்து, அறுத்த கோதுமைத் தாளில் தீ பிடித்துக்கொண்டது.

படையில் பாதிப்பேர் அவரவர் வயலில் இருந்தார்கள். முதலில் கிளம்பியது லாரியில் லிண்ட்சேயும் ப்ளூவும். பின்னாலேயே தண்ணீர் டேங்கரில் க்ளேட்டன் தனியாக. மற்றவர்கள் வந்து சேர அரைமணி ஆகும். லிண்ட்சே தீயின் பக்கவாட்டு ஓரமாக லாரியை விடச் சொல்லி, பின்தட்டில் நின்று தண்ணீர் அடித்துக்கொண்டே போனார். வேலை ஒழுங்காகத்தான் நடந்தது. அரை மைலுக்கு அணைத்துவிட்டார்கள். அப்போது புல்லுக்குள் மறைந்து கிடந்த பழைய வாய்க்காலில் பின்சக்கரம் இறங்கியது. ப்ளூ முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தான். சக்கரம் மண்ணை வாரி இறைத்ததே தவிர வண்டி நகரவில்லை.

அதே சமயம் காற்றும் திரும்பியது. சாயங்காலம் திரும்பும் என்று சொல்லியிருந்த தென்மேற்குக் காற்று மூன்று மணிக்கே வந்துவிட்டது. அதுவரை பக்கவாட்டில் அடங்கி எரிந்த தீ முழுவதும் எழுந்து நின்று அவர்களைப் பார்த்துத் திரும்பியது. வேலியோரத்துப் புல் ஆளுயரம். லாரித் தொட்டியில் தண்ணீர் கால்வாசிக்கும் கீழே.

லிண்ட்சே வயர்லெஸ்ஸை எடுத்தார். அவருக்கு ஒரு பழக்கம். நிலைமை மோசமாக ஆக, அவர் குரல் தணிந்துகொண்டே போகும்.

"க்ளேட்டன், இங்க கொஞ்சம் வெதுவெதுன்னு இருக்கு. உனக்குக் கை ஒழிஞ்சா இந்தப் பக்கம் ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்."

"நல்லாப் புரியுது சார்!" என்று உற்சாகமாகப் பதில் வந்தது. "என்கிட்ட அரை டேங்க்தான் இருக்கு. கிடங்குக்குப் போய் முழுசா நிரப்பிட்டு வந்துடறேன். இருபது நிமிஷம் சார்!"

ப்ளூ கழுத்தைத் திருப்பிக் கேப்டனைப் பார்த்தான். லிண்ட்சே மறுபடி பேசினார்.

"அவசரம்னு இல்ல. ஆனா ரொம்ப நேரம் ஆக்க வேணாம்னு பாக்குறேன்."

"அருமை சார்! கவலையே படாதீங்க!"

ப்ளூ எட்டி அவர் கையிலிருந்த வயர்லெஸ்ஸைப் பிடுங்கினான். "டேய் ஜெனரல்! நாங்க உயிரோட வேகப்போறோம்டா! தண்ணியாவது மண்ணாவது! இப்பவே வாடா!"

பிறகு வந்த குரல் வேறு மாதிரி இருந்தது. "எங்க இருக்கீங்க?"

"தெக்கு வேலி. பழைய வாய்க்கால்."

அடுத்த நாலு நிமிடத்தைப்பற்றி லிண்ட்சே பிற்பாடு யாரிடமும் அதிகம் பேசியதில்லை. மிச்சமிருந்த தண்ணீரை லாரியைச் சுற்றி அடித்தார்கள். கம்பளியை நனைத்துப் போர்த்திக்கொண்டு முன்சீட்டுக்குக் கீழே குனிந்தார்கள். கண்ணாடியைப் பிடித்த இடது கை சுட்டுக்கொண்டது. ப்ளூ தன் பெண்டாட்டி பேரைச் சொல்லிக்கொண்டிருந்தான். அப்போது கம்பி வேலி அறுந்து தெறிக்கும் சத்தம் கேட்டது, ஒன்று, இன்னொன்று. எரிந்து கரியாகிக் கிடந்த பக்கத்திலிருந்து, இரண்டு வேலிகளைத் தகர்த்துக்கொண்டு, முன்விளக்கில் கம்பி சுற்றியபடி டேங்கர் வந்தது. தீக்கும் லாரிக்கும் நடுவே அதைக் குறுக்கே நிறுத்தி, பக்கக் குழாய்கள் எல்லாவற்றையும் க்ளேட்டன் ஒரேயடியாகத் திறந்துவிட்டான். தீ அந்த இடத்தில் இரண்டாகப் பிரிந்து, இருபுறமும் உறுமிக்கொண்டு கடந்து போயிற்று. ஒன்றரை நிமிடம்கூட இருக்காது.

புகை விலகியதும் மூவரும் இறங்கினார்கள். லாரியின் சிவப்புச் சாயம் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. ப்ளூவுக்குப் புருவமே இல்லை. லிண்ட்சே க்ளேட்டனைப் பார்த்தார். நெஞ்சுக்குள் எவ்வளவோ முட்டிக்கொண்டு நின்றது.

"வந்துட்டியா," என்றார்.

க்ளேட்டன் ஹெல்மெட்டைக் கழற்றினான். "ஏன் சார் சொல்லல? முதல்லயே ஏன் சொல்லல?"

"சொன்னேனே."

"வெதுவெதுன்னு இருக்குன்னு சொன்னீங்க சார்! குழந்தையைக் குளிப்பாட்டற தண்ணிதான் சார் வெதுவெதுன்னு இருக்கும்!"

மற்ற வண்டிகள் வந்து ஆறு மணிக்குள் தீயை அடக்கிவிட்டன. வீடு எதுவும் போகவில்லை, ஆடு மாடும் போகவில்லை. கையில் கட்டோடு வீட்டுக்கு வந்த லிண்ட்சேயிடம் கோரல் என்ன நடந்தது என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல, வண்டி வாய்க்கால்ல இறங்கிருச்சு" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

சனிக்கிழமை எல்லோரும் லாரியைக் கழுவக் கூடியபோது, கொட்டகையில் க்ளேட்டன் சட்டை மாட்டும் ஆணியில் ஒரு பொருள் தொங்கியது. குழந்தைகளின் குளியல் தண்ணீரில் போட்டுப் பார்க்கும், வாத்து வடிவத்து வெப்பமானி. ப்ளூவின் வேலை. அவன் லாரிக்குள்ளிருந்து வயர்லெஸ்ஸில் அறிவித்தான்: "ஜெனரல், ஜெனரல், என் பியர் கொஞ்சம் வெதுவெதுன்னு இருக்கு. உன் மெடலைத் தொடச்சு முடிச்சதும், ஒரு இருபது நிமிஷத்துல வந்து காப்பாத்து!"

கொட்டகை அதிர்ந்தது. படையில் இருந்த தபால் ஆபீஸ் நோரீன்கூடக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். ஆளாளுக்கு க்ளேட்டன் முதுகில் தட்டி ஒரு வசை சொன்னார்கள். லிண்ட்சேயும், "கிடங்குல ஐஸ் இருந்தா அதையும் எடுத்துட்டு வா" என்று தன் பங்குக்குச் சொல்லிவைத்தார். அவர் கண்ணுக்கு அது ரொம்ப நல்ல காலைப்பொழுதாக இருந்தது. பையன் நம்மில் ஒருவன் ஆகிவிட்டான் என்று நினைத்தார். க்ளேட்டனும் சிரித்தான். ஆனால் வாய் மட்டும்தான் சிரித்தது என்பதை அவர் கவனிக்கவில்லை.

புதன்கிழமைப் பயிற்சிக்கு அவன் வரவில்லை. வியாழக்கிழமைக் காலை லிண்ட்சேயின் வாசல் கேட்டருகே ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. உள்ளே மடித்து இஸ்திரி போட்ட மஞ்சள் சீருடை, துடைத்த பூட்ஸ், மேலே ஒரு கடிதம். இரண்டு பக்கம். என் தவறால் உங்கள் இருவர் உயிரும் போகப் பார்த்தது, படைக்கு என்மேல் நம்பிக்கை போய்விட்டது, சனிக்கிழமை அதை எல்லோரும் வெளிப்படையாகவே காட்டிவிட்டார்கள், அவர்களைக் குறைசொல்ல மாட்டேன், விலகிக்கொள்கிறேன், உங்களோடு வேலை செய்தது எனக்குக் கௌரவம் என்று எழுதியிருந்தான்.

லிண்ட்சே இரண்டு தடவை படித்தார். பிறகு சமையலறை மேஜைமேல் போட்டார்.

"இவனுக்கு என்ன பைத்தியமா? சனிக்கிழமை அவனைத் தலையில தூக்கி வச்சு ஆடாத குறைதான்!"

கோரல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். "என்ன சொன்னீங்க அவன்கிட்ட?"

"என்னத்தச் சொல்றது? எப்பவும்போலத் திட்டுனோம். ப்ளூ வாத்து வாங்கித் தொங்கவிட்டான். பிடிக்காதவனுக்கு எவனாவது கைக்காசைப் போட்டு வாத்து வாங்குவானா?"

"அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். நெப்ராஸ்காவுல யாருக்குத் தெரியும்?"

லிண்ட்சே தேநீருக்குத் தண்ணீர் வைத்தார்.

"சரி, வாய்க்கால்ல வண்டி இறங்குன கதையில இந்த ரெண்டு உயிர் எங்கேருந்து வந்துச்சு?" என்றாள் கோரல், கடிதத்தை மேஜையில் தட்டி.

கோரல் பெட்டியைத் தூக்கி அவர் கையில் வைத்தாள். "அப்புறமா கேட்டுக்கறேன். முதல்ல போய் அவன்கிட்டச் சொல்லு. வாயால சொல்லணும். முழு வாக்கியமா."

க்ளேட்டன் வீடு ஊரின் அந்தக் கோடியில், வண்டியில் பத்து நிமிட தூரம். லிண்ட்சே மெதுவாக ஓட்டிப் பதினெட்டு நிமிடம் எடுத்துக்கொண்டார். வழியில் ஒரு வாக்கியத்தைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தார். பக்கத்து சீட்டிலிருந்த நாய் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தது.

க்ளேட்டனும் அவன் மனைவி மெரிடித்தும் வாசலுக்கே வந்து வரவேற்றார்கள். மெரிடித் சர்க்கரை போட்டு ஐஸ் மிதக்கவிட்ட தேநீர் கொண்டுவந்தாள். தேநீரை எதற்கு இப்படிப் பாழாக்குகிறார்கள் என்று நினைத்தபடி லிண்ட்சே குடித்தார். மழை இல்லாததைப் பேசினார்கள். கோதுமையில் ஈரப்பதம் எவ்வளவு என்று பேசினார்கள். நாயின் வயதைப் பேசினார்கள். கால்மணி போயிற்று. தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"அப்ப நான் கிளம்பறேன்."

"மிஸ்டர் ட்ரெவின், நீங்க ஏதோ சொல்லத்தானே வந்தீங்க?" என்று நேராகக் கேட்டாள் மெரிடித். அந்த ஊரில் யாரும் அப்படிக் கேட்டுவிட மாட்டார்கள்.

லிண்ட்சே தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினார். "யூனிஃபார்ம் வண்டியிலதான் இருக்கு. எடுத்துக்க."

"சார், உங்க பெருந்தன்மை எனக்குப் புரியுது. ஆனா அவங்க நம்பிக்கை இல்லாம..."

"நீ அவ்வளவு மோசமில்ல, க்ளேட்டன்."

க்ளேட்டனின் முகம் தொங்கிப்போயிற்று. "சரிங்க சார். நேர்ல வந்து மறைக்காம சொன்னதுக்கு நன்றி."

"இல்ல, இல்ல. உனக்குப் புரியல." லிண்ட்சே மறுபடி உட்கார்ந்தார். "இங்க மோசமில்லன்னா நல்லான்னு அர்த்தம். அவ்வளவு மோசமில்லன்னா..." அவருக்குக் காது மடல் சிவந்தது. "ரொம்ப நல்லான்னு அர்த்தம். இதுக்கு மேல வார்த்தை எங்ககிட்ட கிடையாது."

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ப்ளூ உன்னை என்னன்னு கூப்பிடறான்?"

"அதை என் மனைவி முன்னாடி சொல்ல முடியாது சார்."

"நம்ம ஊர் இன்சூரன்ஸ்காரர் இருக்காரே, பில்பின். அவரை ப்ளூ என்னன்னு கூப்பிடறான்?"

க்ளேட்டன் யோசித்தான். "மிஸ்டர் பில்பின்."

"பாத்தியா? மரியாதையா, அழகா, மிஸ்டர் பில்பின். அவர் மூழ்கினா ப்ளூ கரையில நின்னு மணி பாப்பான். உன்னைத் திட்டறான்னா நீ அவன் ஆளு. உன்கிட்ட அவன் மரியாதையாப் பேச ஆரம்பிச்சான்னா அன்னிக்கு ராஜினாமா கடிதம் எழுது. நானே ஸ்டாம்ப் ஒட்டித் தர்றேன்."

மெரிடித் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். க்ளேட்டன் சிரிக்கவில்லை. "ஆனா தப்பு என்னோடதுதானே சார்? நீங்க கூப்பிட்டதும் நான் வந்திருக்கணும்."

இதுதான் கஷ்டமான இடம் என்று லிண்ட்சேக்குத் தெரிந்தது. தரையைப் பார்த்தே பேசினார்.

"நான் கூப்பிடவே இல்லப்பா. கூப்பிட்ட மாதிரி ஒரு சத்தம் போட்டேன், அவ்வளவுதான். எனக்கு அன்னிக்குப் பயம். பேசினா பயம் தெரிஞ்சுருமேன்னு குரலைக் குறைச்சுக்கிட்டேன். எனக்கு எப்பவும் அப்படித்தான். இங்க பொறந்தவன் எவனா இருந்தாலும் அதைக் கேட்டதும் ஓடி வந்திருப்பான். ஆனா அங்க இருந்தது நீ. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் ரெண்டாவது தடவையும் அதையேதான் சொன்னேன். ப்ளூ பிடுங்கலேன்னா நாங்க ரெண்டு பேரும் இப்ப கல்லறையில இருப்போம். தப்பு என்னோடது. நீ வேலியை உடைச்சுக்கிட்டு வந்த. பயமில்லாம, யோசிக்காம வந்த. நீ போகக்கூடாது. எங்களுக்கு நீ வேணும்."

சொல்லி முடித்ததும், இரண்டு மூட்டை கோதுமையைத் தூக்கி இறக்கியவர்போல் மூச்சு வாங்கினார். க்ளேட்டன் எழுந்து வந்தான். கை குலுக்கத்தான் வருகிறான் என்று நினைத்து லிண்ட்சேயும் எழுந்து கையை நீட்டினார். அவன் அதை விட்டுவிட்டு அவரை அப்படியே இறுக்கிக் கட்டிக்கொண்டான். லிண்ட்சே வேலிக் கம்பத்தைப்போல் நின்றார். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்து, கட்டுப் போட்ட கையால் அவன் முதுகை இரண்டு முறை தட்டினார், கன்றுக்குட்டியைத் தட்டுவதுபோல.

"போதும்டா. நாய் பாக்குது."

"நான் பயமில்லாம வரல சார்," என்றான் க்ளேட்டன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "வழி நெடுக கத்திக்கிட்டே வந்தேன்."

"அப்படியா? அது வயர்லெஸ்ல கேக்கல."

"பட்டனை அழுத்தல சார்."

"இனிமே சார் போடாத. என் பேர் லிண்ட்சே."

"சரிங்க... லிண்ட்சே." அந்தப் பெயரை அவன் சூடான உருளைக்கிழங்கைப்போல் வாயில் புரட்டினான். "யூனிஃபார்ம்... நீயே எடுத்துட்டு வந்தியா?"

நீ என்று சொன்னதற்கு அவனே திடுக்கிட்டதைப் பார்த்து லிண்ட்சேக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த புதன்கிழமை அவர் கொட்டகையில் எல்லோரையும் உட்காரவைத்தார். இனி வயர்லெஸ்ஸில் யாரும் பூசி மெழுகக்கூடாது, ஆபத்து என்றால் ஆபத்து என்றுதான் சொல்ல வேண்டும், கேப்டனுக்கும் இதுவே விதி என்றார். அதுவரை சரி. "ஏன்னா அன்னிக்குத் தப்புப் பண்ணினது நான்" என்று அவர் சேர்த்ததும் எல்லோரும் சங்கடத்தோடு பூட்ஸைப் பார்த்தார்கள்.

நோரீன்தான் முதலில் வாயைத் திறந்தாள். "அப்ப போன வருஷம் 'கொஞ்சம் காத்தா இருக்கு'ன்னு சொன்னியே?"

"அன்னிக்கு என் கொட்டகைக் கூரை பறந்து உன் தோட்டத்துல விழுந்துச்சு."

"உன் மாமியார் வந்திருந்தப்ப 'வீட்ல கொஞ்சம் நெருக்கடி'ன்னு சொன்னது?" என்றான் ப்ளூ.

"அதை விடுடா."

சிரிப்பு அடங்கும்போது க்ளேட்டன் தொண்டையைக் கனைத்தான். முகம் மிகவும் சீரியஸாக இருந்தது. மறுபடியும் மன்னிப்புக் கேட்கப் போகிறானோ என்று லிண்ட்சே தொப்பியைக் கண்வரை இழுத்துக்கொண்டார்.

"ப்ளூ, ஒண்ணு சொல்லணும். உனக்குப் புருவம் போனதுல எனக்கு ரொம்ப வருத்தம். அன்னிக்கு நான் இன்னும் கொஞ்சம் லேட்டா வந்திருந்தா உன் மீசையும் போயிருக்கும். உன் மூஞ்சிக்கு ஒரு விமோசனம் கிடைச்சிருக்கும்."

ப்ளூ எழுந்தான். மெதுவாக நடந்து வந்து க்ளேட்டனுக்கு முன்னால் நின்றான். "டேய் மாட்டுக்குப் பொறந்தவனே," என்றான், அவ்வளவு ஆனந்தத்தோடு. "இத்தனை மாசம் இந்த வாயை எங்கடா ஒளிச்சு வச்சிருந்த?"

அதன்பிறகு அன்று பயிற்சி ஒன்றும் நடக்கவில்லை. எல்லோரும் பப்புக்குப் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமைக் காலை லிண்ட்சேயும் கோரலும் ஆடுகளுக்குப் பூச்சி மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று ஆறு மணிக்கே ஆரம்பித்த வேலை. இருநூறு ஆடு ஆனதும் கோரல் பட்டியின் மரக்கட்டையில் உட்கார்ந்து பிளாஸ்கைத் திறந்தாள். லிண்ட்சே பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அன்னிக்கு வண்டிக்குள்ள குனிஞ்சு கிடந்தப்ப," என்று அவராகவே ஆரம்பித்தார், "நான் என்ன நினைச்சேன் தெரியுமா?"

கோரல் கோப்பையைக் கீழே வைத்தாள்.

அவர் எல்லாவற்றையும் சொன்னார். தீ எழுந்து நின்ற விதம், அது போட்ட சத்தம், ப்ளூ தன் பெண்டாட்டி பேரைச் சொன்னது, தான் அவள் பேரைச் சத்தமாகச் சொல்லாமல் மனதுக்குள்ளேயே சொல்லிக்கொண்டது. சொல்லச் சொல்ல, சொல்வது அத்தனை கடினமாக இல்லை என்பது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. வேலி அறுந்த சத்தம் கேட்டதும் தனக்கு அழுகை வந்ததையும் மறைக்கவில்லை. கோரல் அவருடைய இடது கையை எடுத்து, புதுத்தோல் வந்து இளஞ்சிவப்பாக இருந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டே கேட்டாள். நடுவில் ஒருதரம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இன்னும் இருக்கா?" என்றாள் கடைசியில்.

"இன்னும் கொஞ்சம் இருக்கு."

"சொல்லு. ஆடு எங்கயும் ஓடிடாது."

பட்டிக்குள் ஆடுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கத்தின. நாய் எழுந்து ஒரு சுற்றுப் போய் அவற்றை மூலைக்கு ஒதுக்கிவிட்டு, நிழல் பார்த்துப் படுத்துக்கொண்டது. லிண்ட்சே தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு மீதியைச் சொல்ல ஆரம்பித்தார்.